ஃப்ராகொனாரா, வியெனா?

மதாம் து பாரி, பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னரின் காதலி. பாரிஸுக்கு அருகே லூவ்சியென்னில் கட்டடக்கலைஞர் லெதூ கட்டிய தன் புது மாளிகைக்காக ஓவியர் ஃப்ராகொனாரிடம் நான்கு பெரிய காதல் ஓவியங்கள் கேட்டார். 1771–72இல் வரைந்தவை. ஒன்றில் காதலன் ஏணி வைத்து மதிலேறி வருகிறான். அவன் காதலியோ யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திடுக்கிட்டு மறுபக்கம் திரும்புகிறாள். சுற்றிலும் பூக்கள், மேலே நுரைபோலப் பொங்கும் மரங்கள். அந்த ஒரு நொடிப் பதற்றம்தான் ரொக்கோக்கோ என்ற, விளையாட்டும் அலங்காரமும் நிறைந்த ஓவியப் பாணியின் உயிர்.

அதே மாளிகைக்காக ஓவியர் வியென் வரைந்த நான்கும் வேறு ரகம்: கிரேக்க உடை, நிதானம், அடக்கம். லெதூவின் தூண்களுக்கு இவை பொருந்தின, சரி. து பாரி இவற்றை வைத்துக்கொண்டு ஃப்ராகொனாருடையதைத் திருப்பிவிட்டார். பிரபுக்களின் ரசனை கிரேக்க, ரோமப் பழமைக்குத் திரும்பிய நேரம் அது. பிரெஞ்சுப் புரட்சியின் ஓவியர் தாவீத், வியெனின் மாணவர்தான்.

எனக்கு ஃப்ராகொனார்தான். வியெனின் பெண்கள் அழகாக நிற்கிறார்கள். ஃப்ராகொனாரின் பெண்ணுக்கு நெஞ்சு படபடக்கிறது. திருப்பி அனுப்பிய அந்த ஓவியங்கள் இன்று நியூயார்க்கின் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.