துருசடிக்கு எந்தச் சுழலி: குறுக்குப்பாய்வா, புரொப்பெல்லரா?

குளத்துத் துருசால் (மதகால்) பாயும் தண்ணீரில் சுழலி வைத்து மின்சாரம் எடுப்பதுபற்றிய கேள்வி இது. மலையகத்தில் அருவியைக் குழாயில் இறக்கி நூறு, இருநூறு மீற்றர் உயரத்தைப் பிடிக்கலாம். வன்னியில் கிடைக்கும் உயரம் குளக்கட்டுத்தான். இரணைமடுக் குளம் நிறைந்தாலே 36 அடி. சின்னக் குளங்களில் துருசுக்குக் கீழே ஐந்து மீற்றர் கிடைத்தால் பெரிது. உயரத்தில் குறைவதைத் தண்ணீரின் அளவால் ஈடுகட்ட வேண்டும்.

கிடைக்கும் மின்வலுவின் கணக்கு இதுதான்: 9.81 × செக்கனுக்குப் பாயும் கனமீற்றர் × உயரம் × திறன். செக்கனுக்கு 300 லீற்றர், உயரம் 5 மீற்றர், இதழ் பதித்த உருளையைத் தண்ணீர் குறுக்காக ஊடறுத்துச் சுழற்றும் குறுக்குப்பாய்வுச் சுழலியின் திறன் 65 வீதம் என்றால் சுமார் 9.6 கிலோவாற்று.

இதே தண்ணீரில், கப்பல் விசிறிபோன்ற புரொப்பெல்லர் 11 கிலோவாற்று தரும். அதன் கீழ்க்குழாயின் வாய் வாய்க்கால் நீருக்குள் அமிழ்ந்திருப்பதால் உயரம் வீணாகாது. ஆனால் இதழ்கள் அசையாதவை. சிறுபோகத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது பாய்ச்சல் பாதியானால் திறன் மளமளவென்று சரியும். குளம் வற்ற வற்ற உயரமும் இறங்கும்.

குறுக்குப்பாய்வுச் சுழலி அங்கேதான் கைகொடுக்கிறது. நுழைவாயை ஒரு பங்கு, இரு பங்கு என இரண்டாகப் பிரித்து வைத்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரிலும் ஒழுங்காக ஓடும். உருளையின் இதழ்கள் இரும்புக் குழாயை நெடுக்காக வெட்டி ஒட்டியவை. வளைந்தால் ஊர் வெல்டிங் கடையிலேயே மாற்றலாம். இதழில் ஒட்டும் இலையை, உருளை அரைச் சுற்றுச் சுற்றியதும் வெளியேறும் தண்ணீரே தள்ளிவிடும். குறை, உருளைக்கும் வாய்க்கால் நீருக்கும் இடையே விடும் அரை மீற்றர்: ஐந்தில் பத்து வீதம் போச்சு. ஆசைப்பட்டு இன்னும் தாழ்த்தினால், கீழே வாய்க்கால் அடைபடும் நாளில் உருளை மூழ்கிவிடும்.

உருளையை மின்பிறப்பாக்கியோடு இணைக்கும் பெல்ற்றையும் கவனிக்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் உருளை நிமிடத்துக்கு 300 சுற்றுத்தான்; மின்பிறப்பாக்கிக்கு 1500 வேண்டும். தளர்ந்த பெல்ற் வழுக்கி, பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கும். வீட்டு விளக்கு துடிக்கும்.

சின்னக் குளத்துக்குக் குறுக்குப்பாய்வுதான் சரி. நாள் முழுக்க ஒரே அளவில் ஓடும் பெரிய வாய்க்காலுக்கு மட்டுமே புரொப்பெல்லர். மழைக்குத் துருசை மூடினால் இரண்டுமே நிற்கும்.

எதை வைத்தாலும், சல்வீனியா என்ற மிதக்கும் களை அடைக்கும் கம்பித்தட்டியை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சுமை திடீரென அறுந்தால் சுழலி வெறிவேகம் எடுக்கும். மிச்ச மின்சாரத்தை ஹீற்றருக்குத் திருப்பும் கட்டுப்படுத்தி தேவை. பக்கவாய்க்கால் கதவு கட்டாயம்: சுழலி பழுதாகி நின்ற அன்றைக்கும் கமக்காரரின் வயலுக்குத் தண்ணீர் குறையாமல் போகவேண்டும்.