ஐவிஎஃப் வேண்டாம் என்கிற கத்தோலிக்கத் தம்பதிக்கு இந்தக் கருத்தரிப்பு மையம் ஒத்துவருமா?

மதுரையில் நல்ல பெயர் எடுத்த ஒரு கருத்தரிப்பு மையத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சிகிச்சை பார்த்தோம். மையத்தின் பெயரைப் போடவில்லை. எங்களுக்கு ஒத்துவராமல் போன விஷயங்கள் வேறு மையங்களிலும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒருவரை மட்டும் இழுத்துப் பேசுவது நியாயமாகாது.

நானும் என் வீட்டுக்காரரும் கத்தோலிக்கர்கள். ஊர் திண்டுக்கல் பக்கம். அவருக்கு ஹார்டுவேர் கடை, நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. இந்த மாதிரி மையங்களுக்கு வரும் விமர்சனங்களைப் பார்த்தால் "பாசிட்டிவ் வந்தது, ஐந்து ஸ்டார்" என்பார்கள், இல்லையென்றால் "காசெல்லாம் போச்சு, ஒரு ஸ்டார்" என்பார்கள். குழந்தை வேண்டும், ஆனால் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் கருவை உண்டாக்கும் முறை) வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இது.

முதலில் நல்லது. இடம் சுத்தம். காலை ஏழரைக்கே ரத்தம் எடுத்துவிடுகிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மா பொறுமைசாலி. திரையை என் பக்கம் திருப்பி, "இது கர்ப்பப்பை, இது இடது சினைப்பை, இதில் வளர்கிற முட்டை இதுதான்" என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். வரவேற்பறையில் பிள்ளையார், மக்கா படம், வேளாங்கண்ணி மாதா மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும். எல்லா வீட்டுப் பெண்களும் அங்கே ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், யாரும் யாரையும் "எத்தனை வருஷமாச்சு" என்று கேட்பதில்லை. ஊரில் கிடைக்காத நிம்மதி அது.

ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை), தைராய்டு, எச்எஸ்ஜி (கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) என்று சோதனைகள் வரிசையாக நடந்தன. எச்எஸ்ஜி வலிக்கும் என்று நர்ஸ் அக்கா முன்கூட்டியே சொல்லி, மாத்திரை கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என் நன்றி. வலது குழாயில் மருந்து சரியாகப் போகவில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

விந்துப் பரிசோதனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்க ஆண்கள் பலர் இதில் வாயே திறக்காமல் தவிப்பார்கள். மையத்தில் தனி அறை இருக்கிறது, பூட்டிக்கொண்டு டப்பாவில் கொடுத்துவிட்டு வர வேண்டும், அதுதான் வழக்கம். திருச்சபையின் ஒழுக்கநெறி அந்த முறையை ஏற்பதில்லை. தாம்பத்திய உறவின்போதே, விந்தணுவைப் பாதிக்கும் மருந்து எதுவும் சேர்க்காத, சிறு துளையிட்ட உறையில் சேகரிக்கும் வழியைக் கத்தோலிக்க மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். இவர் லேபில் போய் நேராகவே கேட்டார். அந்த லேப் பெண் முகம் சுளிக்கவில்லை. "ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்துடுங்க, எடுத்த நேரத்தை எழுதிக் கொடுங்க அண்ணே, போதும்" என்றார். திண்டுக்கல்லில் இருந்து ஒரு மணி நேரத்தில் வந்து சேர முடியாது என்பதால் பக்கத்துத் தெருவில் லாட்ஜ் எடுத்தோம். சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டோடு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரிப்போர்ட் ஒழுங்காக வந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மையத்துக்கு மனதார மதிப்பெண் போடுகிறேன்.

அப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது. ரிப்போர்ட்டுகளைப் பார்த்த தலைமை டாக்டர், குழாய் ஏன் அடைத்திருக்கிறது என்று பேசவே இல்லை. "வயசு முப்பத்திமூணு. ரெண்டு ஐயுஐ (விந்தை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) பார்ப்போம், இல்லன்னா நேரா ஐவிஎஃப்" என்று சொல்லி எங்களைக் கவுன்சலிங் அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு லேமினேட் செய்த அட்டை. சாதாரண பேக்கேஜ், அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. மேல் பேக்கேஜில் கருக்களை மரபணுச் சோதனை செய்து "நல்ல கருவாகப் பார்த்து வைப்போம்" என்றார் கவுன்சலிங் பெண். மிக மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் காரணம் கண்டுபிடிக்கும் முன்பே விலைப்பட்டியல் கைக்கு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது மதத்துக்காகச் சொல்வதில்லை. எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும் முதலில் அவள் உடம்பில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

ஐவிஎஃப் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். தமிழ்ப் படியும் இருந்தது, நல்லது. பல பக்கம். நடுவில் ஒரு பக்கத்தில், பயன்படுத்தாமல் மீதமாகும் கருக்களை என்ன செய்வது என்ற கேள்வி. கீழே மூன்று கட்டம். உறைநிலையில் வைத்திருக்கலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், அழித்துவிடலாம். 2021-ல் வந்த மத்திய சட்டப்படி பத்து வருடம் வரைதான் உறைய வைக்க முடியும், அதற்கு வருடாவருடம் தனிக் கட்டணம். இவர் கடைக் கணக்கு எழுதும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதில் எதை டிக் பண்ணாலும் நம்ம பிள்ளையைப் பத்தித்தானே எழுதுறோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த முறை போனபோது ஆய்வகத்தில் கருக்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடமே விவரம் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். பத்து முட்டை எடுத்தால் ஏழெட்டு கருவாகும், ஐந்தாம் நாள் வரை மூன்று நாலு தாங்கும், ஒன்றையோ இரண்டையோ உள்ளே வைப்பார்கள், பாக்கி ஃப்ரீசருக்கு. இரண்டே முட்டையைக் கருவாக்கி இரண்டையும் வைத்துவிட முடியுமா என்று கேட்டேன். செய்யலாம், வாய்ப்பு குறையும், டாக்டர் விரும்ப மாட்டார் என்றார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலர், "கருவை அழிக்கிறார்கள், அதனால்தான் சர்ச் ஐவிஎஃப்பை எதிர்க்கிறது, ஒன்றுகூட வீணாகாமல் செய்தால் பரவாயில்லை" என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 1987-ல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'டோனும் வீத்தே' அறிவுரை இரண்டு காரணங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. கரு உண்டான நொடியிலிருந்து அது மனித ஆளுக்குரிய மதிப்போடு நடத்தப்பட வேண்டும் என்பது ஒன்று. பிள்ளை கணவன் மனைவியின் உடல் சங்கமத்திலிருந்து பிறக்க வேண்டும், அந்த இடத்தை ஆய்வகத் தட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இன்னொன்று. அதனால் ஒரு கரு கூட மீதமாகாத ஐவிஎஃப்பையும் திருச்சபை ஏற்பதில்லை. ஐயுஐ-யில் கணவனுடைய விந்துதான் என்றாலும் அதே கேள்வி வருகிறது. தாம்பத்திய உறவுக்குத் துணையாக நிற்கும் மருத்துவம் சரி, அதற்குப் பதிலாக வருவது சரியில்லை. இந்த இரண்டாவது காரணம் புரிய எனக்கு நாளானது. குழந்தை நமக்கு வர வேண்டிய பாக்கி இல்லை, கொடுக்கப்படுகிற ஒன்று என்று பார்த்தபோது புரிந்தது.

அறிவியலுக்கு எதிரான பேச்சு என்று இதை யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். வருடாவருடம் மரபியல் பாடம் நடத்துகிறேன். பட்டாணிச் செடியை வைத்து அந்தத் துறையைத் தொடங்கி வைத்த மெண்டல், பிர்னோ நகரத்து அகுஸ்தினார் மடத்துத் துறவி. 1866-ல் வந்த அவருடைய கட்டுரைதான் நான் கரும்பலகையில் எழுதும் விகிதங்களுக்கு மூலம். மரபணு சிகிச்சையையும் திருச்சபை மொத்தமாகத் தள்ளவில்லை. 2008-ல் வந்த 'டிக்னிதாஸ் பெர்சோனே' ஆவணம், நோயாளியின் உடல் செல்களைத் திருத்திக் குணப்படுத்துவது கொள்கையளவில் சரியே என்கிறது. அரிவாள் செல் நோய், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்களுக்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தபோது வகுப்பில் பிள்ளைகளிடம் மகிழ்ச்சியாகச் சொன்னேன். ஆனால் 2018-ல் சீனாவில் ஹெ ஜியான்குய் செய்தது வேறு. எச்ஐவி தொற்றாமல் இருக்கட்டும் என்று கருநிலையிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்தார். அந்தத் திருத்தம் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகலாம். அவருக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது. நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது ஒன்று, பிறக்கப்போகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இன்னொன்று. அந்த லேமினேட் அட்டையின் மேல் பேக்கேஜ் இரண்டாவது பக்கம் சாய்ந்தது. சோதனையில் தேறாத கருவுக்கு அங்கே மருந்து எதுவும் கொடுப்பதில்லை, ஒதுக்கிவிடுகிறார்கள்.

எங்கள் முடிவைச் சொன்னதும் தலைமை டாக்டர், "அப்ப எங்ககிட்ட உங்களுக்குச் செய்ய ஒண்ணுமில்லம்மா" என்றார். இதுதான் என் முக்கியமான குறை. செய்வதற்கு இருந்தது. அடைப்பு ஏன் என்று லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்ப்பது) செய்து பார்த்திருக்கலாம். அதே 'டிக்னிதாஸ் பெர்சோனே' பதிமூன்றாம் பத்தியில், ஹார்மோன் சிகிச்சை, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) அறுவை, கருக்குழாய் அடைப்பை நீக்குவது எல்லாம் சரியானவை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். திருச்சபை கதவைச் சாத்தியது என்று நினைக்கும் இடத்தில் இத்தனை வழி திறந்திருக்கிறது. எங்கள் பங்குக் கோயிலில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. திருமண ஆயத்தப் பயிற்சியில்கூட இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், பிள்ளை வராவிட்டால் என்ன செய்வது என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறைமாவட்டத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கன்னியர் சபை ஒன்று நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டடம் பழசு, காத்திருப்பு அதிகம், ஸ்கேன் மெஷின் மதுரையில் பார்த்ததைவிட ஒரு தலைமுறை பின்னால் இருக்கும். ஆனால் அங்கிருந்த மகப்பேறு டாக்டர் சிஸ்டர், என்னைத் தினமும் கர்ப்பப்பை வாயிலிருந்து வரும் சளித்திரவத்தையும் காலை உடல் வெப்பத்தையும் குறித்துவரச் சொன்னார். சில மாத அட்டவணையைப் பார்த்துவிட்டு, மாதவிடாய்க்கு முன் வரும் சொட்டுக்கசிவைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இதை யாரும் கேக்கலையாம்மா?" என்றார். லேப்ராஸ்கோப்பியில் எண்டோமெட்ரியோசிஸ் தெரிந்தது. நீக்கிவிட்டு வலது குழாயையும் சரிபார்த்தார்கள். மதுரை மையத்தில் இருந்த ஸ்கேன் படங்கள் இங்கே மிகவும் உதவின, அதையும் சொல்ல வேண்டும்.

குழந்தை உண்டாகியிருக்கிறதா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. மாதாமாதம் வரும் அந்த வலி மட்டும் நின்றிருக்கிறது, பல வருடத்துக்குப் பிறகு. தத்தெடுப்பதற்கு மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா-வில் பதிவும் செய்திருக்கிறோம். வரிசை நீளம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். என் நாத்தனாருக்கு ஐவிஎஃப்பில் இரட்டைப் பிள்ளைகள். ஞானஸ்நானத்தன்று கோயிலில் ஓர் அம்மா இன்னொருவர் காதில் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எப்படிக் கருவானாலும் பிறந்த பிள்ளை கடவுளின் கொடை என்று 'டோனும் வீத்தே'யே சொல்கிறது. 1978 ஜூலை 25 அன்று, கருத்தடையை எதிர்க்கும் 'ஹுமானே வீத்தே' என்ற திருத்தந்தையின் சுற்றுமடல் கையெழுத்தாகிச் சரியாகப் பத்து வருடம் ஆன நாளில், முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அப்போது வெனிஸில் இருந்த கர்தினால் லூச்சியானி அந்த முறையை ஏற்காவிட்டாலும் பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னார், பெற்றோரைக் கண்டிக்கத் தனக்கு உரிமையில்லை என்றார். அடுத்த மாதம் அவரே திருத்தந்தை முதலாம் யோவான் பவுல். அவருக்கு இருந்த மனசு நமக்கும் வர வேண்டும்.

மதிப்பெண் என்றால், மதுரை மையத்துக்கு ஐந்துக்கு மூன்று. சோதனை, ஸ்கேன், நர்ஸ்கள், லேப் எல்லாம் நாலரை. ஐவிஎஃப் வேண்டாம் என்பவர்களுக்கான வழிகாட்டல் ஒன்று. அந்த லேமினேட் அட்டையில் காரணம் கண்டறிவது, அறுவை சிகிச்சை, மாதவிடாய்ச் சுழற்சிக் கண்காணிப்பு என்று ஒரு வரிசையும் சேர்த்தால் நாலரையாகவே போடுவேன்.

போகிறவர்களுக்கு: சோதனைக்கு மட்டும் போவது தாராளமாகச் செய்யலாம். எச்எஸ்ஜி படம், ஸ்கேன் சிடி, ஹார்மோன் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் ஃபைல் தேட வாரக்கணக்கில் இழுக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தை அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து இருவரும் சேர்ந்து படியுங்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமை கூட்டம் தாங்காது, செவ்வாய் புதன் நல்லது.