தட்டைப் பாதமும் இன்சோலும்: முழங்கால், இடுப்பு, நாரி நோவுக்கு எது வேலை செய்கிறது? நீண்டகாலப் பாவனை அனுபவம்

முழங்கால் நொந்தால் கை முதலில் போவது சித்தாலேப போத்தலுக்கு. அதற்கும் அடங்காவிட்டால் எக்ஸ்ரே. பாதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு யாராவது “உங்களுக்குத் தட்டைப் பாதம்” (உள்ளங்கால் வளைவு தாழ்ந்த பாதம்) என்று சொல்லிவிட்டால், உச்சி முதல் உள்ளங்கால் வரை எல்லா நோவுக்கும் அதுவே காரணமாகிவிடும். ஒரு வருடத்துக்கு மேல் சப்பாத்துக்குள் இன்சோல் (உள்ளங்காலைத் தாங்கும் உள்தட்டு) போட்டு நடப்பவர்களுக்கு எது மாறுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்: குதிக்காலுக்கும் முழங்காலின் முன்பக்கத்துக்கும் பயன் தெரியும். இடுப்பு மூட்டுக்கு ஓரளவு. நாரி நோவுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம்.

பாதம் நிலத்தில் பதியும்போது குதிக்கால் சற்று உள்ளே சரிவது இயல்புதான்; அதிர்வை வாங்கிக்கொள்வதே அதன் வேலை. தட்டைப் பாதத்தில் நடப்பதுபோல் சரிவு கூடினால், அல்லது அடுத்த அடிக்கு உந்தும் நேரம் வந்தும் பாதம் நிமிராமல் கிடந்தால்தான் தொல்லை. குதிக்கால் சரிய, கீழ்க்கால் எலும்பு உள்ளே சுழலும். தொடையெலும்பும் கூடவே திரும்பும். முழங்கால்கள் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கும். முழங்காற்சில்லு அதன் பள்ளத்தின் வெளிவிளிம்பை அழுத்தும். படி இறங்கும்போதும், 100ஆம் இலக்க பஸ்ஸில் பாணந்துறை வரை காலை மடக்கியபடி இருந்துவிட்டு எழும்பும்போதும் சில்லுக்குப் பின்னால் நோவது பெரும்பாலும் இந்த வகை.

தொடை உள்ளே சுழலாமல் பிடிப்பது பிட்டத்தின் பக்கத் தசை. அது ஓயாமல் இழுபட்டால் இடுப்பின் வெளிப்பக்கம் நோகும். அந்தப் பக்கமாகச் சரிந்து படுக்க முடியாது. ஆனால் இது இருவழிப் பாதை. அந்தத் தசை ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், தொடை மேலிருந்து சுழன்று பாதத்தையும் சேர்த்துச் சரித்துவிடும். அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு விலை கூடிய இன்சோல் வைத்தாலும் இடுப்பு நோ முழுதாகக் குறையாததில் வியப்பில்லை.

நாரிவரை இந்தச் சங்கிலியை இழுப்பது கடைக்காரருக்கு வசதி. ஆய்வுகள் அவ்வளவு தூரம் வரவில்லை. இன்சோல்கள் நாரி நோ வராமல் தடுப்பதில்லை என்றே பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2007இல் வந்த காக்ரேன் மீளாய்வு சொன்னது. தட்டைப் பாதத்தோடு ஒரு நோவும் இல்லாமல் வாழ்கிறவர்கள் ஏராளம். கொஞ்சம் கவனிக்க வேண்டியது, ஒரு பாதம் மட்டும் கூடச் சரிந்தவர்களை. அந்தக் கால் சில மில்லிமீற்றர் குட்டையாகி இடுப்பெலும்பு ஒரு பக்கம் சாயும்.

வாங்குமுன் பாதத்தைச் சோதியுங்கள். சீமெந்துத் தரையில் ஈரக்கால் வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை, நம்பகம் குறைந்ததும் அதுதான். இதைச் செய்யுங்கள்: கதிரையில் இருந்து பாதத்தைத் தரையில் வையுங்கள். உட்கணுக்காலுக்குக் கீழே, சற்று முன்னால், விரலில் தட்டுப்படும் எலும்பு மேட்டில் பேனையால் புள்ளி இடுங்கள். விசிற்றிங் கார்ட்டைப் பக்கத்தில் நிறுத்திப் புள்ளியின் உயரத்தைக் குறியுங்கள். எழுந்து இரு காலிலும் சமமாக நின்று மறுபடி குறியுங்கள். வித்தியாசம் 10 மில்லிமீற்றர் வரை வழமையானது. 15ஐத் தாண்டினால் அதிகம். நின்றபடியே யாரையாவது உங்கள் காலின் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். உள்வளைவு எழும்பினால் பாதம் இளகியது, இன்சோலுக்கு இணங்கும். அசையவே இல்லை என்றால் விறைத்த பாதம். அதைத் திருத்தப் போகாமல் தாங்கிப் பிடிப்பதோடு நிறுத்த வேண்டும்.

சப்பாத்துக் குதியின் வெளிப் பின்மூலை தேய்வதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அது சாதாரணத் தேய்மானம். உள்மூலை தேய்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இனி பொருள். சிலிக்கன் குதிக்கிண்ணம் மெத்தை மட்டுமே, சரிவைத் தடுக்காது. மெல்லிய ஸ்பொன்ஜ் இன்சோல் கடையில் மிகச் சொகுசாக இருக்கும். சில வாரங்களில் படிந்துவிடும். பாவனைக்கு நின்றுபிடிப்பவை இரண்டு: ஈவிஏ எனும் இறுக்கமான நுரைப்பொருளால் செய்த முழுநீள இன்சோல், மற்றது விரல்களுக்குப் பின்னாலேயே முடியும் முக்கால்நீளப் பொலிப்ரொப்பிலீன் (கடின பிளாஸ்ரிக்) ஓடு. வளைவின் உச்சியில் கைப் பெருவிரலால் ஊன்றி அழுத்திப் பாருங்கள். அடிவரை அமுங்கினால் வையுங்கள் திரும்ப. குதிக் கிண்ணம் ஆழமாக, குதிக்காலைப் பக்கவாட்டிலும் பிடிக்க வேண்டும். அச்சு எடுத்துச் செய்விப்பதற்கு முன் இறுக்கமான ரெடிமேட் ஒன்றை முயலுங்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும். ரெடிமேட் பொருந்தாத பாதங்களுக்குத்தான் அச்சு. வைத்தியரின் கடிதத்தோடு ஓதோட்டிக் (பாதத்துக்கு அளவெடுத்த தாங்கி) செய்யும் இடத்துக்குப் போவதே ஒழுங்கு.

சப்பாத்து சரியில்லாவிட்டால் இதெல்லாம் வீண். குதிப்பக்கச் சுவர் விரலுக்கு அமுங்கக் கூடாது. சப்பாத்தை ஈரத்துணிபோல முறுக்கினால் திரும்பக் கூடாது. விரல் மடியும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். உள்ளே இருக்கும் பழைய இன்சோலைக் கழற்றிவிட்டே புதியதை வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குதிக்கால் மேலேறி, நடக்கும்போது வெளியே வழுக்கும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் பார்த்து, இன்சோலையும் கையில் கொண்டுபோய்ச் சப்பாத்து வாங்குங்கள்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் போதும். பிறகு தினமும் அரை மணி, ஒரு மணி எனக் கூட்டி இரண்டு, மூன்று வாரத்தில் முழுநாளுக்கு வரலாம். உள்ளங்காலிலும் கெண்டைக்காலிலும் மந்தமான உளைவு இந்தக் காலத்தில் வரும், போகும். வளைவில் கொப்புளம் வந்தால் உயரம் கூடிவிட்டது. முழங்காலின் வெளிப்பக்கம் புதிதாக நொந்தாலும், கணுக்கால் வெளிப்பக்கம் புரளப் பார்த்தாலும் திருத்தம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், கழற்றிவிடுங்கள். ஆறு, எட்டு வாரத்தில் படியிறக்கத்தில்கூட வித்தியாசம் தெரியாவிட்டால் அது உங்களுக்கான மருந்தில்லை.

மாதங்கள் போகப்போக ஈவிஏ எப்படி ஏமாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே துணி புதிதுபோலவே இருக்கும். வெளியே எடுத்து மேசையில் வைத்துக் கண்மட்டத்தில் பாருங்கள்: குதியின் உள்விளிம்பு அமுங்கி, முழு இன்சோலும் உள்ளே சாய்ந்து நிற்கும். முழுநாள் நிற்கும் வேலையென்றால் அரைவருடத்திலேயே இந்த நிலை. நோ மெல்லத் திரும்ப வரும்போது முழங்காலைக் குறைசொல்லாமல் முதலில் இதைப் பாருங்கள். பொலிப்ரொப்பிலீன் ஓடு வருடக்கணக்கில் வடிவம் மாறாது. மேலுறை விரல் பக்கம் உரியும், அதை மாற்றி ஒட்டலாம். கிரீச்சென்ற சத்தத்துக்கு ஓட்டின் கீழே கொஞ்சம் பவுடர். மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேல் பருவமழையில் நனைந்தால் கழற்றி மின்விசிறிக்குக் கீழே காயவையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்ட்டில் காயவைத்தால் பசை விடும், ஈவிஏ சுருங்கும்.

கொழும்பில் பெரிய குறை வேறொன்று. வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் இன்சோலின் வேலை முடிந்தது. அதன்பிறகு சமையல், துவைப்பு, பிள்ளைகளோடு ஓட்டம் எல்லாம் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு. பொன்னம்பலவாணேசர் கோயில் என்றால் கருங்கல்லில். வீட்டுக்குள் மட்டும் போட, வளைவுள்ள, குதி இறுக்கமான செருப்பு ஒன்றை ஒதுக்கி வைப்பதே நடைமுறையான வழி. தட்டையான ரப்பர் செருப்பு குளியலறையோடு நிற்கட்டும். காலை நடை போகிறவர்களுக்கு இன்னொன்று: மழைநீர் வடிய வீதி ஓரம் சரிவாக இருக்கும், மேட்டுப் பக்கக் கால்தான் கூட உள்ளே சரியும். போன ஓரத்தாலேயே திரும்பினால் சுமை இரு காலுக்கும் பங்காகும். வீதியைக் கடந்து மற்ற ஓரத்தால் வந்தால் இரண்டு தடவையும் ஒரே கால்தான் அடிவாங்கும்.

இன்சோலோடு மூன்று பயிற்சி. விரல்களை மடக்காமல், பெருவிரல் அடியைக் குதிக்காலை நோக்கி இழுத்து வளைவை உயர்த்தி 5 செக்கன் பிடிப்பது, 10 தடவை. சுவரைப் பிடித்துப் பின்காலை நீட்டிக் கெண்டைத்தசையை 30 செக்கன் இழுப்பது, மூன்று தடவை. இந்தத் தசை இறுகியிருந்தால் குதிக்கால் எதை வைத்தாலும் சரியும். பக்கமாகப் படுத்து மேற்காலை நேராகத் தூக்குவது, 12 தடவைப்படி மூன்று சுற்று. இடுப்பு நோவுள்ளவர்கள் கடைசியை விடவே கூடாது.

நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் கடின ஓட்டைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. உரசுவது தெரியாமலே புண்ணாகிவிடும். கால் வில்போல வளைந்து முழங்காலின் உட்பக்கம் தேய்ந்தவர்களுக்கு உயர்ந்த வளைவுத் தாங்கி சுமையை அந்தப் பக்கமே கூட்டக்கூடும். நடுவயதில் ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாகி, அந்த ஒற்றைக்காலில் குதியைத் தூக்க முடியாமல், உட்கணுக்காலுக்குப் பின்னால் வீக்கமும் இருந்தால் அது தசைநாண் பழுது. கடைக்குப் போகாமல் எலும்புமுறிவு வைத்தியரிடம் போங்கள், சுணங்காமல். நாரி நோவோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு.