கிறுக்கல் சுவருக்கு மெழுகுப் பூச்சு: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஸ்ப்ரே பெயிண்ட் கிறுக்கல் ஒன்றை அப்படியே விட்டால் பக்கத்திலேயே இன்னொன்று வந்துவிடும், ஊருக்குப் புதிதாக வருகிறவர்களும் இங்கே கேட்பாரில்லை போல என்று வேகமாக நடையைக் கட்டிவிடுவார்கள். சுவரில் முன்கூட்டியே இந்த மெழுகுப் பூச்சைப் பூசி வைத்திருந்தால், கிறுக்கியபின் வெந்நீரைப் பீய்ச்சி அடித்ததும் மெழுகோடு பெயிண்டும் வழிந்து இறங்கிவிடுகிறது, செங்கல்லின் நுண்துளைகளுக்குள் சாயம் ஊறுவதில்லை. கழுவிய இடத்தில் திரும்பப் பூசியாக வேண்டும், அது கொஞ்சம் வேலைதான். ஆனாலும் உடனே அழிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயிலில் கிறுக்கல் உள்ள பெட்டிகளை ஓட்டுவதில்லை என்று பிடிவாதமாக நின்றுதான் 1989இல் அதை ஒழித்தார்கள். அப்புறம், அனுமதியோடு வரைந்த நல்ல சுவரோவியங்களின் மேலும் இதைப் பூசி வையுங்கள், யாராவது கிறுக்கினாலும் ஓவியம் தப்பிக்கும்.