மணலா, அமிலமா, மின்தொட்டியா: உப்புக்காற்றில் ஓர் எம்ஜி ரோட்ஸ்டர்

தக்கலைக்கும் குளச்சலுக்கும் இடையே, வீட்டின் பின்புறக் கொட்டகையில், ஓர் எம்ஜி டிடி காரைப் பிரித்துப் போட்டு மூன்று ஆண்டுகளாகத் துருவோடு மல்லுக்கட்டி வருகிறேன். 1949இன் இறுதியில் தொடங்கி 1953 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரான இந்த இரண்டிருக்கை வண்டியின் 1250 சிசி எஞ்சினைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நாகர்கோவிலில் நல்ல லேத் பட்டறைகள் உள்ளன. கவலையெல்லாம் தகட்டைப் பற்றியதுதான். கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் சிறு கொப்புளமாக எழும்பியிருந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து மெல்ல அழுத்தியபோது, அது அப்பளம்போல் நொறுங்கி உள்ளே இறங்கிவிட்டது.

கடலோரத்தில் துருவைச் சுரண்டி எடுப்பது பாதி வேலைதான். துரு அரித்த குழிகளின் அடியில் உப்பு தங்கியிருக்கும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் ஒரு மழைக்காலம் கழிந்ததும் கொப்புளம் மறுபடி எழும். ஆகவே நான் முயன்று பார்த்த வழிகளை, உப்பை எது வெளியேற்றுகிறது, தகட்டை எது கெடுக்காமல் விடுகிறது என்ற இரண்டு கேள்விகளை வைத்தே ஒப்பிடுகிறேன்.

கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்ப்பது எல்லோரும் முதலில் செய்வது. தகடு பளபளக்கும், மனமும் நிறையும். ஆனால் குழிக்குள் இருக்கும் துரு மெருகேறி அங்கேயே நின்றுவிடும். அக்காலப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், நல்ல முகமூடி இல்லாமல் இந்தத் தூசியில் நிற்கவே கூடாது.

அழுத்தக் காற்றில் மணலை வேகமாக வீசித் துருவை அடித்தெடுக்கும் மணல்வீச்சு இதற்கு நேர்மாறானது; குழியின் அடிவரை சென்று இரும்பைச் சாம்பல் நிறத்தில் வெளிக்கொண்டுவரும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கனிமங்களுள் கார்னெட்டும் ஒன்று. மணல்வீச்சுக்கு ஏற்ற பொருளும் அதுவே. ஆனால் பிரித்துக் கழுவப்பட்ட கார்னெட் வேறு, கரையில் கிடக்கும் மணல் வேறு. கடல்மணலை அப்படியே வீசினால் உப்பை இரும்புக்குள் அடித்து இறக்கியதாகும். அதிலுள்ள சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நம் கரையின் மணலில் கதிரியக்கமுள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. சேஸ் என்னும் அடிச்சட்டம் போன்ற கனமான இரும்புக்குக் கார்னெட் வீச்சை மிஞ்சிய வழியை நான் காணவில்லை. சேஸில் குத்தப்பட்ட எண்ணை மட்டும் தடித்த டேப்பால் மூடிவிட வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் சேஸும் பாடியும் அசல் வடிவில் இருப்பதை எதிர்பார்க்கின்றன, எண் தேய்ந்துபோனால் பின்னர் விளக்கம் சொல்லி மாளாது. தகட்டின் கதையோ வேறு. வலப்பக்க முன் மட்கார்டை ஒரு பட்டறையில் மணல்வீச்சுக்குக் கொடுத்து வாங்கினேன். துரு துளியும் இல்லை, ஆனால் நடுவில் விரலால் அழுத்தினால் எண்ணெய் டின்னின் அடிபோல ‘டக்’ என்று உள்வாங்கி, விட்டதும் வெளிவந்தது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தகட்டை ஒரே இடத்தில் அழுத்தமாக அடித்தால் மேல்தோல் விரிந்து இப்படித்தான் நெளியும். அதைச் சரிசெய்ய டிங்கரிங் செய்பவருக்கு நான்கு நாள் பிடித்தது, இன்றும் எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை.

அமிலத்தில், கழிவறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நான் அடியோடு மறுக்கிறேன். துருவை அது வேகமாகத் தின்னும் என்பது உண்மை. ஆனால் விட்டுச்செல்வது குளோரைடு, அதாவது நாம் விரட்ட நினைத்த அதே பகை. அதன் ஆவி பட்டறையிலுள்ள ஸ்பேனர்கள்வரை எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். பாஸ்பாரிக் அமிலம் மெதுவானது, விலையும் கூடுதல்; ஆயினும் தகட்டின்மேல் இரும்புப் பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்வதால் கதவு, பானெட் போன்ற அகன்ற தகடுகளுக்கு இதையே தேர்வேன். இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடுக்குகளில் மட்டும் அமிலத்தை விடக் கூடாது. உள்ளே தேங்கியது எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது மின்தொட்டி. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த உருப்படியை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவிலும், வேண்டாத இரும்புத் துண்டைப் பாசிட்டிவிலும் இணைத்தால் போதும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சுக் குரோமியம் கரைசலில் சேரும். எழும்பும் குமிழியில் ஹைட்ரஜன் இருப்பதால் கொட்டகையின் கதவு திறந்திருக்க வேண்டும், அருகில் தீப்பொறி கூடாது. ஒரு நாள் கழித்துப் பிரேக் டிரம்மை வெளியே எடுத்துக் கரிய சேற்றைக் கட்டைவிரலால் வழித்தபோது, எழுபதாண்டுகளுக்கு முன் வார்ப்பில் விழுந்த எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. நல்ல இரும்பில் ஓர் அணுவளவும் குறையவில்லை. கடலடியிலிருந்து மீட்ட பீரங்கிகளின் உப்பை நீக்கவும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது நமக்குப் பெரிய சான்று. ஆனால் ஸ்பிரிங்குகளையும் உயர்வலிமை போல்ட்டுகளையும் இதில் போடலாகாது, ஹைட்ரஜன் ஏறி எளிதில் முறியும் தன்மை வந்துவிடும். எஸ்யூ கார்புரேட்டரின் அலுமினிய உடலைக் காரக்கரைசல் அரித்துவிடும்.

பாடியை முழுதாக எந்தத் தொட்டியிலும் இறக்க முடியாது, ஏனெனில் டிடியின் தகடுகள் ஆஷ் மரச் சட்டத்தின்மேல் ஆணியடித்தவை. சட்டத்தில் உளுத்த துண்டுகளுக்குப் பதிலாக, நம் கரையில் வள்ளம் கட்டும் ஆஞ்சிலியை வைக்கச் சொன்னார் ஆசாரி; உப்புக்கும் ஈரத்துக்கும் பழகிய அந்த மரத்தின்மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. மரத்தோடு ஒட்டிய, கழற்றவே முடியாத விளிம்புகளில் மட்டும் டானிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசுகிறேன். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டுக் கறுப்பதும் இதே வினைதான். இது துருவை அகற்றாது, அடக்கி வைக்கும். முதல் வழியாக இதைக் கொள்வோருடன் நான் உடன்படவில்லை.

எந்த வழியில் சுத்தம் செய்தாலும் தகட்டை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, கடலிலிருந்து உப்போடு வீசும் கச்சான் காற்று தீண்டுமுன் சூடான காற்றால் உலர்த்தி, அன்றே பெயிண்டுக்கு அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். தகட்டின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் விதி. இரு பருவமழையும் பெறும் இம்மாவட்டத்தில் அது எளிதாய் வாய்ப்பது மாசி, பங்குனியின் நண்பகலில்தான். மற்ற மாதங்களில் நான் தொட்டியில் சிறு உருப்படிகளைச் சுத்தம் செய்து, எண்ணெய் பூசித் தாளில் சுற்றி வைக்கிறேன். மாசி பிறந்ததும் அவற்றைத் தின்னரால் இருமுறை துடைத்த பிறகே பிரைமர் கன்னைக் கையில் எடுப்பேன்.