ஒரே பலாப்பழம், மூன்று சர்வர்: பிளகின் எழுத எங்கே தொடங்கலாம்?

மே மாத விடுமுறைக்கு அக்கா மகன் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்தவன். வந்த அன்றைக்கே, “மாமா, கேம் சர்வருக்கு பிளகின் எழுதணும். எதுல ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டான். சர்வர் என்பது பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடத்தும் நிரல்; அதில் நாம் சேர்க்கும் சின்னத் துணை நிரல்தான் பிளகின். வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பண்ருட்டிப் பலா சீசன் வேறு, வீடு முழுக்க வாசனை. சரி, வேலை இதுதான்: விளையாட்டுக்குள் ஒரு பலாப்பழம் இருக்க வேண்டும், அதை உடைத்தால் சுளை விழ வேண்டும். இதையே மூன்று சர்வர்களில் முயன்றோம். மைன்கிராஃப்ட் ஆட்டத்தை நடத்தும் பேப்பர், அதேபோலக் கட்டிகளால் (பிளாக்) ஆன உலகம் கொண்ட, 2024 அக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்று அழைக்கப்பட்ட லுவான்டி, பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து நாம் அறிந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6.

கவுன்டர் ஸ்ட்ரைக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்கு ஏஎம்எக்ஸ் மாட் எக்ஸ் என்ற துணை மென்பொருள் வேண்டும், எழுதும் மொழியின் பெயர் பான். கோப்பை எழுதி, கம்பைல் செய்து (சர்வர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி), பிளகின்ஸ்.ஐஎன்ஐ கோப்பில் பெயரைச் சேர்த்து, மேப்பை மாற்றினால் ஓடும். “உள்ளே வந்தவருக்கு வணக்கம் சொல்” என்பது பத்து வரி. ஆனால் ஒருவரின் பெயரை வாங்கி வைக்கக்கூட நினைவகத்தில் 32 இடமுள்ள வரிசையை (அரே) நாமே ஒதுக்க வேண்டும். பலாப்பழத்துக்கோ முப்பரிமாண மாடல் ஒன்று செய்தாக வேண்டும். அந்த மாடலை முன்கூட்டியே ஏற்றச் சொல்ல மறந்தால் சர்வரே விழுந்துவிடும். கூட விளையாட ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

பேப்பரில் எழுதுவது ஜாவா. 1.21 பதிப்பு சர்வருக்கு ஜாவா 21 வேண்டும். அப்புறம் நிரல் எழுத இன்டெல்லிஜே, அதைத் தொகுத்துப் பிளகின் கோப்பாக்க கிரேடில் அல்லது மேவன். எங்கள் நான்கு ஜிபி ராம் லேப்டாப்பில் இன்டெல்லிஜேயையும் சர்வரையும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் நகரவே யோசித்தது. கிரேடில் முதல்முறை இறக்கும் கோப்புகள் மொபைல் டேட்டாவில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும்; அதை இரவில் விட்டுவிடுவது நல்லது. யூலா.டிஎக்ஸ்டி என்ற உரிம ஒப்பந்தக் கோப்பில் ஃபால்ஸ் என்பதை ட்ரூ ஆக்கும்வரை சர்வர் எழாது. பழைய பாடங்களில் எல்லாம் பக்கிட், ஸ்பிகாட் என்ற முன்னோடிகளின் பெயரே இருக்கும். அதே வழியில் வந்ததுதான் பேப்பரும். நிரலின் தொடக்கத்தில் எழுதும் இம்போர்ட் வரிகளில் இன்றும் பக்கிட் என்ற பெயர்தான் வரும், குழம்ப வேண்டாம்.

இதில் எங்களை உட்கார வைத்த இடம் ஒன்று உண்டு. பேப்பர் பிளகின் சர்வர் பக்கம் மட்டும் ஓடுகிறது. ஆடுபவரின் கணினியில் இருக்கும் மைன்கிராஃப்ட்டுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே பலாப்பழம் என்று புதிய பிளாக்கை உண்டாக்க வழியில்லை. ரிசோர்ஸ் பேக் என்ற படத் தொகுப்பை அனுப்பித் தோற்றத்தை மாற்றலாம், அது தனி வித்தை. நாங்கள் தர்பூசணி பிளாக்கையே பலாவாக வைத்துக்கொண்டோம். அதை யாராவது உடைத்தால் வழக்கமான துண்டுகளைத் தடுத்து, “பலாச்சுளை” என்று பெயர் மாற்றிய துண்டைப் போட வேண்டும்.

பையன் எழுதினான். கம்பைல் ஆகி வந்த ஜார் கோப்பைப் பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டு சர்வரை ஏற்றினான். பட்டியலில் அவன் பிளகின் பெயர் பச்சையாகத் தெரிந்தது. ஆனால் உடைத்தால் பழைய தர்பூசணித் துண்டுதான் விழுந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகு கிடைத்தது: உடைப்பது போன்ற நிகழ்வைக் கேட்கும் நிரல் பகுதியை (கிளாஸ்) எழுதியவன், பிளகின் தொடங்கும்போது ஓடும் ஆன்எனேபிள் பகுதியில் அதைப் பதிவுசெய்யும் ரிஜிஸ்டர்ஈவென்ட்ஸ் வரியைப் போடவில்லை. அதாவது கேட்க ஆள் இருக்கிறார், அவரை யாரும் அழைக்கவில்லை. ஆரம்பநிலையில் இருப்பவருக்கு இந்த மௌனம்தான் பெரிய கஷ்டம். தவறு எங்கே என்று கணினி காட்டினால் திருத்திவிடலாம். எதுவும் சொல்லாவிட்டால் தனக்கே இது வராது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

லுவான்டியில் எழுதுவது லுவா. பிரேசிலின் ரியோவில் 1993-இல் பிறந்த சின்ன மொழி. இங்கே பிளகின் என்று சொல்வதில்லை, மாட் என்பார்கள். ஒரு ஃபோல்டர், அதில் மாட்.கான்ஃப், இனிட்.லுவா, 16-க்கு 16 பிக்சலில் பையன் வரைந்த ஒரு பச்சை முள்பழம். கம்பைல் கிடையாது, நோட்பேட் போதும். படத்தையும் ஒலியையும் சேர்பவர்களுக்கு சர்வரே அனுப்பிவிடுகிறது. அதனால் பலாப்பழம் நிஜமாகவே புதிய பொருளாக உலகத்துக்குள் வந்தது. அதைப் பார்த்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இங்கேயும் சிக்கினான். முதலில் உலகத்தின் அமைப்பில் மாடை இயக்க மறந்தான். அடுத்து ஒரு காற்புள்ளி விட்டுப்போனது. ஆனால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று பிழைச் செய்தியே சொல்லிவிட்டது, இரண்டு நிமிடத்தில் திருத்தினான். மூன்றாவதுதான் சுவையானது: பழம் தெரிகிறது, எவ்வளவு அடித்தாலும் உடையவில்லை. குரூப்ஸ் என்ற பகுதியைக் கொடுக்காத பொருளை ஆட்டக்காரரால் தோண்ட முடியாது. நாங்கள் ஆடியது லுவான்டியில் ஓடும் ‘மைன்டெஸ்ட் கேம்’ என்ற ஆட்டம்; அதில் ஆட்லி_பிரேக்கபிள்_பை_ஹேண்ட் என்ற குரூப்பைச் சேர்த்ததும் வெறும் கையால் உடைந்து சுளை விழுந்தது.

செலவையும் சொல்ல வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை விளையாடும் ஒவ்வொரு பிள்ளையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். லுவான்டி இலவசம், திறந்த மூலம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். தெருவில் நாலு பிள்ளைகள் எங்கள் வைஃபையில் சேர்ந்து அன்று மாலையே அவன் பழத்தை உடைத்தார்கள்.

பேப்பர் பக்கம் நியாயமும் இருக்கிறது. உலகம் முழுக்க ஆள் அங்கேதான், சந்தேகம் கேட்டால் பதில் கிடைக்கும், கற்கும் ஜாவா வேலைக்கும் உதவும். ஆனால் நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். ஜாவாவைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. பைத்தானுக்கு லுவா அருகில் இருக்கிறது.

ஆகவே என் தேர்வு: நிரலே எழுதாதவர் லுவான்டியில் தொடங்கட்டும். ஜாவா தெரிந்தவரும், நண்பர்கள் எல்லாம் மைன்கிராஃப்ட்டில் இருப்பவரும் நேராகப் பேப்பருக்குப் போகலாம். லுவான்டியிலிருந்து பிறகு பேப்பருக்கு மாறுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அங்கே ஆட்டம் ஒரு நொடிக்கு 20 அடி வைத்து நகரும்; ஒவ்வோர் அடியும் ஒரு டிக், அதற்கு 50 மில்லிநொடிதான். ஆட்டத்தை ஓட்டும் மெயின் திரெட்டில் கோப்போ நெட்வொர்க்கோ படிக்கக் காத்திருந்தால் எல்லோருடைய ஆட்டமும் சேர்ந்து நின்றுவிடும். அப்படிப்பட்ட வேலையை, ஆட்டத்தை நிறுத்தாமல் தனியே செய்து முடிக்கும் அசிங்க் ஷெட்யூலரிடம் கொடுங்கள். உடைக்கும் நிகழ்வை எழுதும் முன்பே ரிஜிஸ்டர்ஈவென்ட்ஸ் வரியைப் போட்டுவிடுங்கள்.