மூன்று பேஸ்போல் கேம்களும் ரேட்டிங் என்ற எண்ணும்

வன்னியில் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லே விளையாடி வளர்ந்தவருக்குப் பேஸ்போல் பாதி தெரிந்த ஆட்டம். அடி, ஓடு, ஆட்டமிழக்காமல் சுற்றி வந்து சேர். தெரியாமல் இருப்பது ஆட்டக்காரரைத்தான். குசல் மென்டிஸ் எப்படி அடிப்பார் என்று கிளிநொச்சிப் பெடியனுக்குச் சொல்லத் தேவையில்லை. லூயிஸ் அராயெஸ் யாரென்று கேட்டால் முழிப்பான். ஆகவே பேஸ்போல் கேம் ஒன்றைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிற எண்ணைத்தான் நம்பவேண்டி வரும். அந்த எண் எந்தக் கேமில் ஆட்டத்தைப் படிப்பிக்கிறது?

பரீட்சிக்க இரண்டு பேர் போதும். 2023 இல் மயாமிக்கு ஆடிய அராயெஸின் சராசரி .354, ஹோம் ரன் (வேலி தாண்டுகிற அடி) 10 மட்டும், ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கோடு ஆட்டமிழப்பது) ஆனது வெறும் 34 தடவை. அதே ஆண்டு பிலடெல்பியாவின் கைல் ஷ்வார்பர் 47 ஹோம் ரன் அடித்தார், ஆனால் சராசரி .197, ஸ்ட்ரைக் அவுட் 215. (கிரிக்கெட் சராசரியோடு குழப்ப வேண்டாம். இங்கே பத்துக்கு மூன்று தடவை, அதாவது .300, ஹிட் எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர்.) இருவரையும் ஒரே எண்ணுக்குள் அடைக்க முடியுமா?

‘எம்.எல்.பி. த ஷோ’ அடைக்கப் பார்க்கிறது. ஓவரோல் என்ற மொத்த எண் 99 வரை போகும். 85 இலிருந்து டயமண்ட், 80 இலிருந்து கோல்ட், 75 இலிருந்து சில்வர். நிறத்தைப் பார்த்தே அணி சேர்க்கிற ஆட்கள்தான் அதிகம். ஆட்டக்காரரின் அட்டையைத் திறந்து உள்ளே போனால் விஷயம் வேறு: கொன்டாக்ட் (பந்தை மட்டையில் படவைக்கிற திறன்), பவர் (அடியின் பலம்) இரண்டும் வலது கைப் பந்துவீச்சாளருக்கு எதிராக ஒரு எண், இடது கைக்கு எதிராக இன்னொரு எண். இந்தத் தனி எண்கள் 125 வரை ஏறும். ஆனால் ஷ்வார்பரின் பெரிய பலம் இங்கே பாதி காணாமல் போகிறது. 2023 இல் அவர் 126 தடவை வோக் வாங்கினார், அதாவது கெட்ட பந்துகளை விட்டுவிட்டுச் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போனார். கொன்ட்ரோலர் உங்கள் கையில் இருக்கும்போது பந்தை விடுவதும் மட்டையை வீசுவதும் உங்கள் விரல். அந்தரப்படுகிற விரலுக்கு ஷ்வார்பரின் பொறுமையை எந்த எண்ணும் தராது.

‘அவுட் ஒஃப் த பார்க்’ கேமில் நீங்கள் மட்டை பிடிப்பதில்லை. மனேஜராக அணியை நடத்துகிறீர்கள், ஆட்டத்தைக் கணக்கு ஆடிவிடும். அதனால் கொன்டாக்ட், கேப் (களத்தடுப்பாளர்களின் இடைவெளியில் அடிப்பது), பவர், ஐ (கெட்ட பந்தை விடுகிற கண்), அவொயிட் கே (ஸ்ட்ரைக் அவுட் ஆகாமல் தப்புவது) என்ற ஐந்தும் தங்கள் வேலையைத் தாங்களே செய்கின்றன. அராயெஸின் அவொயிட் கே உச்சத்தில் நிற்கும், பவர் அடியில் கிடக்கும். ஷ்வார்பருக்கு ‘ஐ’யும் பவரும் மேலே, அவொயிட் கே கீழே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இரண்டு வகை ஆட்டமும் புரிந்துவிடும்.

எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று. ஸ்கவுட்டிங்கை (ஆட்டக்காரரை நேரில் பார்த்து மதிப்பிடுகிற வேலை) இயக்கி வைத்தால் திரையில் தெரிகிற எண் உங்கள் ஸ்கவுட்டின் கணிப்பு மட்டுமே. அவர் பிழையாகவும் சொல்லலாம். அளவுகோலையும் மாற்றலாம். ஸ்கவுட்டுகள் உண்மையில் பாவிக்கிற 20–80 அளவை வைத்தால் 50 என்பது சராசரி ஆள். ‘த ஷோ’வில் 50ஐக் கண்டால் தூக்கி வீசிப் பழகியவர் இங்கே வந்து நல்ல ஆட்டக்காரரைச் சும்மா விட்டுவிடுவார்.

கொனாமியின் ‘பவர் புரோஸ்’ எண்ணோடு எழுத்தும் வைக்கிறது, G யில் தொடங்கி S வரை. குண்டுத் தலைக் கார்ட்டூன் உருவங்களைப் பார்த்துச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். பந்து எவ்வளவு உயரம் எழும்பும் என்பதற்குத் தனி அளவு, 1 முதல் 4 வரை. ஒரே பவர் உள்ள இருவரில் ஒருவரின் அடி வேலி தாண்டும், மற்றவரின் அடி தாழப் பாயும். நல்ல குணம் நீலத்தில், கெட்ட குணம் சிவப்பில் தனியாகத் தெரியும். தம்பி தங்கச்சியோடு இருந்து விளையாட இதுதான்.

பணமும் டேட்டாவும் பார்த்தாலும் முடிவு மாறாது. ‘த ஷோ’ லப்டொப்புக்கு வராது. கொன்சோல் வேண்டும், இறக்கவே பல பத்து ஜிபி போகும். பவர் புரோஸின் சர்வதேசப் பதிப்பு 2023 இல் ஒரு டொலருக்கும் குறைந்த விலையில் வந்தது, ஆனால் அதற்கும் சுவிட்ச் அல்லது பிளேஸ்டேஷன் 4 தேவை. ‘அவுட் ஒஃப் த பார்க்’ கம்பஸுக்கு வாங்கின சாதாரண லப்டொப்பிலேயே ஓடும். பேஸ்போலை விளங்க வேண்டுமென்றால் என் வாக்கு அதற்கே. ரேட்டிங்கை முழுதாக அணைத்துவிட்டு, புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து அணி கட்டுகிற வசதியும் அதில் இருக்கிறது. .197ஐக் கண்டவுடன் ஷ்வார்பரை விற்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போக இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.